முதலில் மானிட்டர், கடைசியில் கேபினட்

சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்து "கேமிங் பிசி ஒன்று போட வேண்டும்" என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி "ஐ5-ஆ, ஐ7-ஆ?" என்பதுதான். பில் போடவும் டேலியில் கணக்குப் பார்க்கவும் கம்ப்யூட்டர் வாங்குகிறவருக்கு அது சரியான தொடக்கம். கேம் ஆட வாங்குகிறவருக்கு அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. எந்தத் திரையில் ஆடப்போகிறோம் என்பது முதலில். அந்தத் திரைக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு ஈடுகொடுக்கும் என்பது அடுத்தது. ப்ராசசர் அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் காசெல்லாம் ஐ7-க்கும் ஆர்ஜிபி விளக்குக்கும் போய்விடும். மிச்சம் இருப்பதற்கு ஏதோ ஒரு கார்டை வாங்கிச் செருக நேரிடும். பிள்ளைகள் பார்ட் டைம் வேலை செய்து சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

1080பி திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு இத்தனையையும் வரைந்தாக வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுதாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 7 மில்லி வினாடிதான். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி ஆட்டங்களே உங்கள் உலகம் என்றால் 24 அங்குல 1080பி, 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ எடுங்கள். அதற்குமேல் பிக்சல் தேவையில்லை. சைபர்பங்க் 2077 மாதிரி ஊர் சுற்றிப் பார்த்து ஆடும் கதை விளையாட்டுகள்தான் பிடிக்கும் என்றால் 27 அங்குல 1440பி-க்குப் போங்கள். 27 அங்குலத்தில் 1080பி மட்டும் வேண்டாம், எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். 4கே முதல் பிசிக்கு வேண்டவே வேண்டாம். கார்டு விலை வேறு உலகத்துக்குப் போய்விடும்.

இனி கார்டு. மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இதற்கே ஒதுக்கலாம், தயங்க வேண்டாம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது விராம், அதாவது கார்டின் சொந்த மெமரி. 2025-இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வடிவங்களில் வருகிறது. அதே ஆண்டு வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் அப்படித்தான். அட்டைப் பெட்டியில் பெயர் ஒன்றே. ஓரத்தில் இருக்கும் அந்த எண்ணைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். விராம் நிரம்பிவிட்டால் கார்டு, மதர்போர்டு வழியாக ராமிடம் போய்த் தகவலை எடுக்கத் தொடங்கும். அந்தப் பாதை பலமடங்கு மெதுவானது. சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே தெரியும், ஆனால் காட்சி நடுநடுவே திக்கித் திக்கி நிற்கும். சில ஆட்டங்களில் சுவரும் தரையும் மங்கலாகவே கிடக்கும். 1080பி போட்டி ஆட்டங்களுக்கு 8 ஜிபி போதும். 1440பி-யில் புதிய ஆட்டங்கள் என்றால் 12 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள்.

என்விடியாவா, ஏஎம்டியா என்ற சண்டைக்கு என் பதில், ஆட்டத்தைத் தவிர வேறு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிளெண்டரில் முப்பரிமாண வேலை, ஏஐ மாடல்களை ஓட்டிப் பார்ப்பது என்று ஏதாவது உண்டென்றால் என்விடியா எடுங்கள். அந்த மென்பொருள்களுக்கு அதில்தான் ஆதரவு அதிகம். வெறும் ஆட்டம்தான் என்றால் ஏஎம்டி அதே காசுக்கு அதிக விராம் தருகிறது. 8 ஜிபி 5060 டிஐ-யும் 16 ஜிபி 9060 எக்ஸ்டி-யும் பக்கத்துப் பக்கத்து விலையில் இருந்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன். இன்டெலின் ஆர்க் பி580 கார்டும் 12 ஜிபியோடு குறைந்த விலையில் கவனிக்க வேண்டியதுதான், ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே மூச்சில் அணுகும் வழி) வசதியுள்ள புதிய மதர்போர்டும் ஓரளவு வேகமான ப்ராசசரும் இருந்தால் மட்டும். பழைய பிசியில் செருகினால் அதன் முழு வேகம் வராது.

"ஆர்எக்ஸ் 580, புத்தம் புதுசு, மலிவு" என்று காட்டினால் கைவைக்காதீர்கள். 580 வெளிவந்தது 2017-இல். இப்போது புதிது என்று விற்கப்படுபவற்றில் பல '2048எஸ்பி' என்ற வகை. அசல் 580-இல் 2304 கோர் இருந்த இடத்தில் இதில் 2048 தான். மேலும், இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற ஆட்டங்கள் ரே ட்ரேசிங் (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் முறை) வசதியுள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கின்றன. அந்த வசதி இல்லாத பழைய கார்டுகளின் காலம் முடிந்துவருகிறது.

ப்ராசசருக்கு 6 கோர் போதும். உண்மையான தேர்வு ப்ராசசரில் இல்லை, அது உட்காரும் சாக்கெட்டில் இருக்கிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது. 2024-இல்கூட அதற்குப் புது ப்ராசசர் விட்டார்கள். 2017-இல் போர்டு வாங்கிய பலர் பயாஸை மட்டும் அப்டேட் செய்துவிட்டு ஐந்தாறு ஆண்டு கழித்து வேறு ப்ராசசரை மாட்டிக்கொண்டார்கள். 2022-இல் வந்த ஏஎம்5-க்கும் 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. இன்டெல் பக்கம் ஐ5 12400எஃப் இன்றும் காசுக்கு நல்ல ப்ராசசர்தான். ஆனால் அதன் போர்டில் பிறகு மாற்ற நினைத்தால் 13, 14-ஆம் தலைமுறைதான் வழி. அந்தத் தலைமுறைகளின் மேல்நிலை ப்ராசசர்களில் மின்னழுத்தக் கோளாறால் கிராஷ் ஆகும் சிக்கல் 2024-இல் வெடித்தது. இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் கொடுத்து, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை எந்தத் திருத்தமும் மீட்காது. ஆகவே செகண்ட் ஹேண்ட் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வேண்டாம்.

என் தேர்வு ரைசன் 5 7600, ஒரு பி650 போர்டு. கூலர் பெட்டியிலேயே வருகிறது. 65 வாட் ப்ராசசருக்கு அது போதும். இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு: உள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போனால் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிக் கல்லூரி வேலையையாவது பார்க்கலாம். பெயரின் கடைசியில் 'எஃப்' உள்ள ப்ராசசர்களில் இந்த வழி கிடையாது. கேச் நிறைய உள்ள எக்ஸ்3டி வகைகள் அருமையானவை, ஆனால் முதல் பிசிக்கு அந்தக் காசைக் கார்டில் போடுங்கள். ஏஎம்5 போர்டு இருந்தால் எக்ஸ்3டி-யைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

ஏஎம்5-இன் ஒரே தலைவலி ராம். அதில் டிடிஆர்5 மட்டும்தான் போடமுடியும். 2025-இன் கடைசி மாதங்களில் ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ராம் விலை தாறுமாறாக ஏறியது. 32 ஜிபி நல்லது. முடியாவிட்டால் 16 ஜிபியில் தொடங்குங்கள். எதுவாக இருந்தாலும் இரண்டு குச்சியாக வாங்கி, ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யாவிட்டால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த ராம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் நல்ல டிடிஆர்4 ராம் ஏற்கெனவே இருக்கிறதென்றால் மட்டும் ஏஎம்4-இல் ரைசன் 5 5600 போடுவது நியாயமான கணக்கு.

எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ, நான்காம் தலைமுறை. ஐந்தாம் தலைமுறை வேகம் ஆட்டத்தில் தெரியாது, சூடுதான் தெரியும். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி கேட்கிறது, ஆகவே 512-இல் நிற்காதீர்கள்.

எல்லோரும் காசை மிச்சம் பிடிக்கும் இடம் எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி. அங்கேதான் மிச்சம் பிடிக்கக் கூடாது. மலிவு கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் திருப்பி, பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். மேலே பெரிதாக 450 வாட் என்று இருக்கும். கீழே சிறிய கட்டத்தில் +12வி என்ற இடத்துக்கு நேரே 18ஏ என்று இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். கார்டும் ப்ராசசரும் மின்சாரம் எடுப்பது அந்த 12 வோல்ட் வழியாகத்தான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும். மேலே சொன்ன பிசிக்கு, பெயர் பெற்ற நிறுவனத்தின் 650 வாட் தாராளம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் எப்படி என்பதைச் சொல்லாது. வாரன்டி எத்தனை ஆண்டு என்று கேளுங்கள், ஐந்துக்குக் குறைந்தால் யோசியுங்கள்.

கரன்ட் போகும் ஊர்களில் இன்னொரு கணக்கு. கடைகளில் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது ஏறக்குறைய 360 வாட். ஆட்டத்தின் நடுவே கரன்ட் போனால் மானிட்டரோடு சேர்த்து அது திணறும். 1000 விஏ-க்கு மேல் பாருங்கள். வீட்டு இன்வர்ட்டரில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். பின்பக்கம் யுபிஎஸ் மோடுக்கான சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். பிளக் பாயின்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கேபினட்டுக்கு ஒரே விதி: முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். சித்திரை வைகாசியில் அறையே 36 டிகிரி இருக்கும். குளிர்ந்த ஊர்க்காரர் 22 டிகிரி அறையில் அளந்து சொல்லும் எண்ணோடு நீங்கள் 14-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். கழற்றிக் கழுவும் தூசி வலையும், கார்டின் நீளத்துக்கு உள்ளே இடமும் இருந்தால் போதும்.

வாங்கும்போது போர்டு, ப்ராசசர், ராம் மூன்றையும் ஒரே கடையில் எடுங்கள். டிஸ்ப்ளே வரவில்லை என்றால் குற்றம் எதன் மீது என்று இரண்டு கடைக்காரர்கள் நடுவே நீங்கள் நிற்க வேண்டியிராது. பில்லில் ஜிஎஸ்டியோடு ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். பில் இல்லாமல் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வாரன்டி அதோடு போயிற்று. ஏஎம்5-இல் பின்கள் ப்ராசசரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன: 1718 மெல்லிய கம்பிகள். கவுன்டரிலேயே மூடியைத் திறந்து, போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சீராக மின்ன வேண்டும்; ஓரிடத்தில் மினுக்கம் மாறித் தெரிந்தால் பின் வளைந்திருக்கிறது. வளைந்த பின்னுக்கு வாரன்டி பொதுவாகக் கிடையாது, எனவே வேறு போர்டு கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு பணம் கொடுங்கள்.