எத்தனை மணிக்குச் சுட்டது?

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங்கில் திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரி தீவு. முன்பு ரப்பர் மரங்கள் நின்ற மண்ணில் இப்போது இருபுறமும் செம்பனை. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த தோட்டம் அது. அந்நாளில் தோட்டத்தில் யாருக்கேனும் தீக்காயம் பட்டால் டிரசரைத் தேடி ஓடுவார்கள். இன்று பெரிய காயம் என்றால் பாலத்தைத் தாண்டிப் பந்திங்கிற்கோ கிள்ளானுக்கோ போக வேண்டும். தீக்காயத்தைப் பற்றிப் படிக்க இந்தத் தீவிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஏனெனில் இங்கே காயத்திற்கும் மருத்துவமனைக்கும் இடையே ஒரு பயணம் இருக்கிறது.

தீபாவளிக்கு முந்திய வாரம் என்று வைத்துக்கொள்வோம். முறுக்குச் சுடும் சட்டி சரிந்து, பத்து வயதுப் பையனின் கையிலும் தொடையிலும் எண்ணெய் கொட்டிவிடுகிறது. வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் பற்பசை என்பார்; இன்னொருவர் கிச்சாப் என்பார். என் பாட்டி மஞ்சள் பூசுவதில் உறுதியாக இருந்தார். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால், பூசியது எதுவானாலும் அது காயத்தின் நிறத்தை மறைத்துவிடும். காயம் எவ்வளவு ஆழம் என்பதை மருத்துவமனையில் நிறத்தைப் பார்த்தும் தொட்டும்தான் கணிக்கிறார்கள். எனவே, பூசியதை முதலில் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். அந்த வேதனையைப் பையன்தான் தாங்க வேண்டும்.

அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயடிக்குத்தான் ஓட வேண்டும். எண்ணெய் பட்ட துணியைக் கழற்றி, ஓடும் குளிர்ந்த நீரில் காயத்தை 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது, அது தோலை மேலும் கெடுக்கும். சூடு தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுவதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் சோறு வேவதைப் போல, எண்ணெயைத் துடைத்த பிறகும் உள்ளே திசுக்கள் வெந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்துவது தண்ணீர்தான். உடனே செய்ய இயலாமற் போனாலும், சுட்ட மூன்று மணி நேரத்திற்குள் செய்தால் பயன் உண்டு. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். உடம்பின் மற்றப் பகுதி குளிர்ந்துபோகாமல் போர்த்துங்கள்; சிறு பிள்ளைகள் விரைவில் விறைத்துப் போவார்கள். பிறகு, உணவைப் பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைக் காயத்தின்மேல் தளர்வாகப் படரவிட்டுப் புறப்படலாம். உதவிக்கு 999.

தோட்டத்தில் தீயில்லாமலும் தோல் வேகும். களைக்கொல்லி அடிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களே இருந்தார்கள். முதுகில் சுமந்த தோம்பிலிருந்து மருந்து கசிந்து தோல் உரிவதும், விரல்நகம் கெட்டு விழுவதும் அவர்களுக்குப் பழகிப்போன துன்பங்கள். அந்த மருந்துகளில் கொடியதான பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது. நெடுநாள் போராடிக் கிடைத்த தடை அது. பிற இரசாயனங்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவை பட்டால் துணியைக் களைந்து, 20 நிமிடத்தைவிடக் கூடுதலான நேரம் நீரை ஓடவிட வேண்டும். மருந்துக் கலத்தின் பெயர்ச்சீட்டை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பாதிக் கேள்விகளுக்கு அதுவே விடை சொல்லிவிடும்.

இனி மருத்துவமனை. தாதி முதலில் மூச்சைக் கவனிப்பார். பிறகு, "எத்தனை மணிக்குச் சுட்டது?" என்று கேட்பார். பதறிப்போயிருக்கும் தாய்க்கு இது தேவையற்ற கேள்வியாகத் தோன்றும். ஆனால், ஒரு கணக்கே அதில் அடங்கியிருக்கிறது. தோல் வெந்தால் உடம்பின் நீர் இரத்தக்குழாய்களிலிருந்து கசியத் தொடங்குகிறது. எவ்வளவு வெந்தது என்று அறிய நோயாளியின் உள்ளங்கையே அளவுகோல். விரல்களோடு சேர்ந்த ஒரு கை ஏறக்குறைய உடற்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 20 விழுக்காடு வெந்திருந்தால், 4 மில்லிலிட்டரை 50ஆலும் 20ஆலும் பெருக்குவார்கள். விடை 4,000 மில்லிலிட்டர். இதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் நரம்பு வழியே ஏற வேண்டும். அந்த எட்டு மணி சுட்ட நொடியிலிருந்து எண்ணப்படுகிறது. மருத்துவமனை வாசலிலிருந்து அன்று. வழியில் இரண்டு மணி கழிந்திருந்தால் மீதி ஆறு மணிக்குள் 2,000 மில்லிலிட்டரும் போக வேண்டும். இதுவும் தொடக்கக் கணக்குதான். மணிக்கொரு முறை சிறுநீரை அளந்து தாதி குறித்துவைப்பார். அதைப் பார்த்தே அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. 26 பேர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஒரே பிற்பகலில் அத்தனை பேர் வந்து சேர்ந்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இந்தக் கணக்கைப் போட்டுக் கவனிக்க எத்தனை கைகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

தீக்காயத்தில் ஒரு முரண் உண்டு. மிகவும் வலிக்கிற காயம் பெரும்பாலும் ஆழமற்றது. வெளுத்தோ கறுத்தோ, தோல்போலக் கடினப்பட்டு, தொட்டால் உணர்ச்சியே இல்லாமல் இருப்பதுதான் ஆபத்தானது. அங்கே நரம்பு முனைகளும் வெந்துவிட்டன. "வலிக்கவில்லையாம், பரவாயில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிடுவோரும் உண்டு.

ஆழமான காயத்திற்கு வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். அறுவை மருத்துவர் சில மணி நேரத்தில் முடித்துவிடும் அந்த வேலையை வாரக்கணக்கில் காப்பது தாதியர். வலிமருந்து கொடுத்து, அது வேலை செய்யும்வரை காத்திருந்து, பிறகே கட்டைப் பிரிப்பார்கள். பழைய கட்டு ஒட்டிக்கொண்டு புதுத்தோலையும் உரித்து வருவது பெரிய தொல்லை. இதற்கு மும்பை மருத்துவர்கள் வாழையிலையைச் சோதித்துப் பார்த்து, 2003இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். கிருமி நீக்கிய இலை காயத்தில் ஒட்டவில்லை. எடுக்கும்போது வலியும் இல்லை. நாம் சோறு உண்ணும் அதே இலைதான். அதற்காகக் கொல்லையிலிருந்து வெட்டி வந்து காயத்தில் போட்டுவிடாதீர்கள். கிருமி நீக்கியது என்பது முக்கியம்.

தாதியரைக் கல்நெஞ்சக்காரர் என்று நோயாளிகள் சில வேளை திட்டுவதுண்டு. கழுத்தில் காயம்பட்டவர் தலையணை கேட்பார், கொடுக்க மாட்டார்கள். தலையணை வைத்தால் மோவாய் மார்பை நோக்கிக் குனிந்த நிலையில் புதுத்தோல் சுருங்கிவிடும். பிறகு நிமிர முடியாது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டுவதும், அழுதாலும் மூட்டுகளை அசைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். சாப்பிட மனமில்லாதவரிடம் முட்டை, மீன், பால் என்று மல்லுக்கு நிற்பதும் அவர்களே. புதுத்தோல் வளரப் புரதம் வேண்டுமே!

ஆறிய பிறகும் வேலை முடிவதில்லை. தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான அழுத்த உடையை நாளில் ஏறத்தாழ 23 மணி நேரம், பல மாதங்கள் அணிய வேண்டும். நம் நாட்டு வெயிலில் அது எளிதன்று. அரிப்பும் விடாது. அந்த உடையோடு பையன் வகுப்பறைக்குத் திரும்பும் நாளில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கும் அவனை முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறார்கள்.

வீட்டுக்கு அனுப்புமுன் தாதி, தாயையே கட்டு மாற்றச் சொல்வார். முதல் முறை தாயின் கை நடுங்கும். "மெதுவாகச் செய்யுங்கம்மா, அவசரமில்லை" என்று தாதி அருகிலிருந்து கையைப் பிடித்துக் காட்டுவார். இரண்டாம் முறை வாயால் மட்டும் சொல்வார். மூன்றாம் முறை சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.