பழையதில் ஓடியது, புதியதில் ஏன் ஊமையானது?

எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் மூலையில் 2011-இல் வாங்கிய மேசைக் கணிப்பொறி ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாலை அதில் 'ஹைக்கூ' என்னும் இயக்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தேன். திரையில் ஏழு சிறு படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்தன. கடைசிப் படமான ராக்கெட் ஒளிர்ந்த சில விநாடிகளில் வேலைத்திரை வந்துவிட்டது. பாட்டுக் கேட்டது. இணையக் கம்பியைச் செருகியதும் இணையமும் வந்தது.

அதே பென் டிரைவை என் புதிய மடிக்கணிப்பொறியில் செருகினேன். வேலைத்திரை என்னவோ வந்தது. ஆனால் ஒலி இல்லை, வை-ஃபை இல்லை. விரலால் தடவும் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தும் அம்புக்குறி அசையவில்லை. பக்கத்தில் நின்ற முதலாண்டு மாணவர் கேட்டார்: "பழசுல ஓடுது, புதுசுல ஏன் சார் ஓடல?"

நியாயமான கேள்வி. புதியது பல மடங்கு வேகமானது; நினைவகமும் அதிகம். ஹைக்கூவோ அரை ஜிபிக்கும் குறைந்த நினைவகத்திலேயே எழுந்து நிற்கக்கூடியது. ஆகவே வலிமைக் குறைவு காரணமாக இருக்க முடியாது. பின் எது?

முதலில் ஹைக்கூவைப் பற்றி இரண்டு வார்த்தை. 1990-இல் ழான் லூயி கஸே என்பவர் தொடங்கிய 'பி' என்ற நிறுவனம் 'பிஓஎஸ்' என்ற இயக்குதளத்தை உருவாக்கியது. 2001-இல் அந்த நிறுவனத்தின் சொத்துகளைப் 'பாம்' நிறுவனம் வாங்கியது, பிஓஎஸ் நின்றுபோயிற்று. அதன்மேல் பற்றுக்கொண்டவர்கள் அதே ஆண்டில், அதைப் போன்ற ஒன்றை முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். அதுதான் ஹைக்கூ. முதல் பீட்டா பதிப்பு வர 2018 ஆயிற்று! ஐந்தாம் பீட்டா 2024 செப்டம்பரில் வந்தது. நான் ஓட்டியது அதைத்தான்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இயக்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகளிடம் வேலை வாங்கும் மேலாளர். ஆனால் ஒவ்வோர் உறுப்பிடமும் பேசும் முறை வேறு. அதைத் தெரிந்த சிறு நிரலுக்கு 'டிரைவர்' என்று பெயர். இந்த டிரைவர் வண்டி ஓட்டுபவர் அல்லர். மொழிபெயர்ப்பாளர் என்பதே பொருத்தம்.

எந்த உறுப்புக்கு எந்த டிரைவர் என்று இயக்குதளம் எப்படி அறிகிறது? கணிப்பொறியை முடுக்கியதும் அது ஒவ்வோர் உறுப்பையும் விசாரிக்கிறது. உறுப்பு சில எண்களைப் பதிலாகத் தருகிறது. ஓர் எண், தயாரித்தவர் யார் என்பது. இன்னொன்று, எந்த மாதிரி என்பது. இரண்டும் 16 பிட் எண்கள். அதாவது ஒவ்வொன்றிலும் 65,536 வாய்ப்புகள். இவற்றைப் பதினாறடிமான முறையில் எழுதுவது வழக்கம். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே. பொறியாளர்களுக்கும் குறும்பு உண்டு!

மூன்றாவதாக ஒரு வகை எண்ணும் உண்டு. 'நான் யார்' என்பதை அல்ல, 'நான் என்ன தொழில் செய்கிறேன்' என்பதை அது சொல்லும். நம் புதிருக்கு விடை இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

உங்கள் வீட்டு மின்விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி பல்பை வாங்கினாலும் ஹோல்டரில் பொருந்துகிறது அல்லவா? அடிப்பாகம் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மிக்ஸி ஜார்? ஒரு கம்பெனி ஜார் இன்னொரு கம்பெனி மிக்ஸியில் உட்காராது. இரண்டும் ஒரே தொழில்தான் செய்கின்றன, ஒப்பந்தம்தான் இல்லை.

கணிப்பொறியிலும் பல்புகள் உண்டு, மிக்ஸி ஜார்களும் உண்டு. என் மடிக்கணிப்பொறியின் சேமிப்பகம் 'என்விஎம்இ' வகை. அதனிடம் எப்படிப் பேசுவது என்ற பொது விதிமுறை 2011-இல் வெளியாயிற்று. அதைப் பின்பற்றும் சேமிப்பகம் யார் செய்ததாக இருந்தாலும் ஒரே டிரைவர் போதும். ஹைக்கூவில் அது இருந்ததால், சேமிப்பகம் நேற்று வந்த மாதிரியானாலும் உடனே தெரிந்தது. யுஎஸ்பி மௌஸும் அப்படித்தான். நான் ஒரு மௌஸைச் செருகினேன், அம்புக்குறி ஓடியது.

வை-ஃபை சில்லு மிக்ஸி ஜார். 'நான் வலையமைப்புக் கருவி' என்று தன் தொழிலை அது சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அதை இயக்கும் கட்டளைகள் மாதிரிக்கு மாதிரி மாறும். அதன் இரு எண்களும் டிரைவரின் பட்டியலில் இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணிப்பொறியின் உறுப்புகளுக்கு யாராவது உட்கார்ந்து டிரைவர் எழுதிவிட்டார்கள். புதியதற்கு இன்னும் எழுதவில்லை. பழமை இங்கே குறையன்று, சாதகம்! எழுதும் ஆட்கள் சிலரே என்பதால், ஹைக்கூ வலையமைப்பு டிரைவர்கள் பலவற்றை ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற வேறு இரு இயக்குதளங்களிலிருந்து பெற்று, இடையில் ஓர் இணைப்பு அடுக்கு வைத்துப் பயன்படுத்துகிறது. மொழிபெயர்ப்பாளருக்கே ஒரு மொழிபெயர்ப்பாளர் எனலாம்.

பின் எனக்கு இணையம் கிடைத்ததா? கிடைத்தது. கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தேன். அந்த முறைக்கான டிரைவர் நான்காம் பீட்டாவிலேயே சேர்ந்திருந்தது.

திரை மட்டும் எப்படி வந்தது? கணிப்பொறியை முடுக்கும்போது முதலில் விழிக்கும் உள்நிரலே திரையைத் தயார்செய்து, 'நினைவகத்தில் இந்த இடத்தில் எழுதினால் திரையில் தெரியும்' என்று ஒரு முகவரியைத் தந்துவிடுகிறது. இதுவும் பொது ஒப்பந்தமே. ஆனால் படம் வரைவதற்கென்றே உள்ள சில்லுக்கு இதில் வேலையில்லை. எல்லாப் புள்ளிகளையும் செயலியே எழுத வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட்: ஒரு முழுத்திரைக்கு 82,94,400 பைட். விநாடிக்கு 60 முறை முழுத்திரையும் மாறினால் ஏறத்தாழ 50 கோடி பைட்! எழுதுவது, படிப்பது போன்ற வேலைகளில் இது தெரியாது. முப்பரிமாண விளையாட்டை ஓட்டினால் தெரிந்துவிடும்.

இதை நீங்களும் செய்து பார்க்க விரும்புவீர்கள். அதற்கு முன் என் அசட்டுத்தனத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய கணிப்பொறிகள், முடுக்கப்படும் நிரலில் நம்பத்தக்க முத்திரை இருக்கிறதா என்று சோதிக்கும். ஹைக்கூவில் அது இல்லாததால் அந்தச் சோதனையை அணைத்துவிட்டு ஓட்டினேன். பென் டிரைவை எடுத்துவிட்டு வழக்கமான இயக்குதளத்துக்குத் திரும்பியபோது, 48 இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்று அது கேட்டது. சேமிப்பகம் பூட்டெழுத்தில் இருந்தது. சோதனையை அணைத்ததை அது திருட்டு முயற்சி என்று சந்தேகித்துவிட்டது. உள்ளே இருந்தவை மூன்று வகுப்புகளின் அகமதிப்பீட்டு மதிப்பெண்கள்! நல்லவேளை, அந்த எண் என் கணக்கில் பதிவாகியிருந்தது. வேறொரு கணிப்பொறியில் தேடி எடுத்தேன். அரை மணி நேரம் வியர்த்தது.

ஆகவே மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்த பிறகே தொடங்குங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். வெற்று டிரைவாகப் பார்த்து எடுங்கள். ஹைக்கூ முதலில் 'நிறுவவா, சும்மா ஓட்டிப் பார்க்கவா' என்று கேட்கும். இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். வீட்டிலோ பள்ளியிலோ, கணிப்பொறிக்குரியவரின் அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம்.

பென் டிரைவ் இல்லாதவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. விண்டோஸ் கணிப்பொறியில் 'டிவைஸ் மேனேஜர்' பகுதியைத் திறந்து, ஏதாவது ஓர் உறுப்பின் விவரங்களில் 'ஹார்ட்வேர் ஐடி' என்பதைத் தேடுங்கள். உட்புற உறுப்பானால், வி, இ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடுத்து வருவது தயாரித்தவர் எண். டி, இ, வி-யை அடுத்து வருவது மாதிரி எண். பதினாறடிமானம் என்பதால் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்திருக்கும். உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் 8086 எத்தனை முறை வருகிறது? எண்ணிப் பார்த்து, பழைய ஒன்றையும் புதிய ஒன்றையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் போடுங்கள்.