பட்டம் பெற்ற பிள்ளையும் கடைச் சாவியும்

"பிள்ளை பட்டம் வாங்கிவிட்டான், இனிக் கவலையில்லை" என்று பெருமூச்சு விடும் பெற்றோர் நம்மில் ஏராளம். சில மாதங்கள் கழிகின்றன. மனுப் போட்டுவிட்டுப் பிள்ளை வீட்டிலேயே இருக்கிறான். வாப்பாவின் கடையில் உட்கார வெட்கம். வேலை கொடுப்பவரோ, "அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார். அப்போதுதான் நாம் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்லத் தொடங்குகிறோம்.

குறை அங்கேயும் உண்டு. அரசாங்கமே அதை உணர்ந்திருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது; பொறியியல் பட்டதாரிகளும் தொழிற்சாலையில் பயிற்சி பெறுவதற்காக 1973இல் அது திருத்தப்பட்டது. தமிழக அரசு 2022இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியதும் மாணவர்களுக்குத் தொழில் திறன் கற்பிக்கத்தான். புத்தகமும் பரீட்சையும் போதுமென்றால் இவை எதற்கு?

ஆனால் நம் வீட்டையும் சற்றுப் பார்ப்போம். "படிக்கிற பிள்ளை, தொந்தரவு செய்யாதே" என்று மூன்று நான்கு வருடங்கள் அவனைக் கடைத்தெருவுக்கும் அனுப்புவதில்லை. அவன் பாங்கில் செலான் நிரப்பியதில்லை. கடன் கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் மனம் நோகாமல் 'இல்லை' என்று சொல்லிப் பழகியதில்லை. வணிகவியல் படித்த மகனுக்குக் கடைச் சரக்கின் ஜகாத்தைக் கணக்கிடத் தெரியவில்லை! இதையெல்லாம் கல்லூரி கற்பிக்கும் என்று நமக்கு யார் சொன்னது? பெண்மக்களுக்கோ வீட்டு வேலை முழுவதும் தெரியும். பணத்தை மட்டும் அவர்கள் கையில் கொடுக்கமாட்டோம்.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களை எண்ணிப் பாருங்கள். மாபெரும் சட்ட மேதை; கூஃபாவில் துணி வியாபாரியும்கூட. ஒரு துணியில் குறை இருப்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடும்படி தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தப் பணம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களது வரலாற்றில் சொல்லப்படுகிறது. வியாபாரச் சட்டம் பேசியவர்கள் கடையிலும் இருந்தவர்கள். அறிவு வேறு, பிழைப்பு வேறு என்று அவர்கள் பிரித்து வைக்கவில்லை.

அதற்காகப் படிப்பை நிறுத்திப் பிள்ளையைக் கடையில் போடுவது நியாயமாகாது. டாக்டரும் வக்கீலும் கல்லாப்பெட்டி அருகே உருவாகமாட்டார்கள். 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியை நிறுவியவர்களும் வியாபாரிகளே. கடையின் அருமை தெரிந்தவர்கள்தாம் கல்லூரிக்காகப் பணம் செலவிட்டார்கள்.

ஆகவே பட்டம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வரும் விடுமுறையில் ஒரு வாரம் கடைச் சாவியை மகனிடம் கொடுங்கள். சரக்கிருப்பை அவனே எண்ணட்டும். வரவேண்டிய பாக்கியை எழுதட்டும். ஜகாத்தைக் கணக்கிட்டு ஆலிமிடம் காட்டிச் சரிபார்க்கட்டும். கடையில்லாத வீட்டில் ஒரு மாதச் செலவுக் கணக்கை மகளிடமோ மகனிடமோ ஒப்படைக்கலாம். மாதக் கடைசியில் நூறு ரூபாய் குறைந்தால் நாம் போட்டுச் சரிக்கட்டிவிட வேண்டாம். எங்கே போயிற்று என்று அவர்களே தேடட்டும்.