அம்பாசிடர் ஹெட்லைட்டைச் சரியா மாட்டுவது எப்படி?

டிங்கரிங், பெயிண்டிங் முடிஞ்சு வர்ற பழைய கார் பகல்ல பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். ராத்திரி ஓட்டும்போதுதான் சிக்கல் தெரியும். டிம் போட்டாலும் எதிரே வர்றவர் கண்ணைச் சுருக்குவார், நமக்கோ ரோடு சரியாத் தெரியாது. உடனே "பவர் பத்தல, பெரிய பல்பா மாத்து" என்பார்கள். ஆனால் பல நேரங்களில் பல்பில் எந்தக் குறையும் இருக்காது. பெயிண்டுக்காகக் கழற்றின ஹெட்லைட்டைத் திரும்ப மாட்டியதில்தான் தப்பு நடந்திருக்கும். அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சுச் சரிசெய்வதுதான் இந்த இதழின் பாடம்.

உதாரணத்துக்கு அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரீஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான வண்டி இது. இதில் இருப்பது 7 அங்குல வட்ட ஹெட்லைட். புல்லட், பழைய ஜீப் ஆகியவற்றிலும் இதே அளவுதான். அதனால் இந்தப் பாடம் அவற்றுக்கும் உதவும்.

டூமுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த பகுதியை மெக்கானிக்குகள் டூம் என்பார்கள். ரிஃப்ளெக்டர் ஒரு பரவளையம். பன்னிரண்டாம் வகுப்பில் படிச்சோமே, குவியத்தில் விளக்கை வைத்தால் கதிர்கள் இணையாக வெளியேறும் என்று? எச்4 பல்பில் பிரைட் இழை இருப்பது அந்தக் குவியத்தில்தான்.

டிம் இழை குவியத்துக்குச் சற்று முன்னால், கண்ணாடிப் பக்கமாக இருக்கும். அதனால் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் படும் ஒளி கீழ்நோக்கித் திரும்பும். கீழ் பாதியில் பட்டால் மேல்நோக்கிப் போய் எதிரே வர்றவர் கண்ணில் அடிக்கும். அதைத் தடுக்கத்தான் டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. அதன் ஒரு ஓரம் 15 டிகிரி வெட்டப்பட்டிருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில், இடது ஓரத்தில் நடந்துபோறவர் தெரிவதற்காக வெளிச்சம் அந்தப் பக்கம் மட்டும் சற்று மேலேறும்.

ஆக, டூமுக்கு மேல், கீழ், இடம், வலம் எல்லாம் உண்டு. வட்டமா இருக்குதே, எப்படி மாட்டினா என்ன என்று நினைப்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

முதலில் சுவரைப் பாருங்கள்

எதையும் கழற்ற வேண்டாம். டயரில் சரியான காற்று வைத்து, சமதளத்தில், சுவருக்கு நேராக 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து ஒவ்வொரு டூமின் மையமும் என்ன உயரம் என்று அளந்து, அதே உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். ஒரு விளக்குக்கு முன்னால் அட்டை பிடித்து மறைத்து, மற்றதை டிம்மில் போடுங்கள். பிறகு அடுத்த விளக்கு. சுவரில் தெரிவதை வைத்து நோயைச் சொல்லிவிடலாம்:

1. வெளிச்சம் கோட்டுக்கு மேலே, இருட்டு கீழே: டூம் தலைகீழ். கோடு சாய்வாக இருந்தால் டூம் கொஞ்சம் சுழன்றிருக்கிறது.
2. கோடே இல்லாமல் கலங்கலான வெளிச்சம்: பல்பு பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை, அல்லது அந்த டூமுக்கு உரிய பல்பே இல்லை.
3. வலப்பக்கம் வெளிச்சம் மேலேறுகிறது: வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான டூம். இதைத் திருகிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.
4. ஒரு விளக்கு டிம்மில் இருக்கும்போது இன்னொன்று பிரைட்டில்: அந்த விளக்கின் கப்ளரில் வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. இரண்டுமே தலைகீழாக வேலை செய்தால் டிம் ஸ்விட்ச் பக்கம் பாருங்கள்.
5. ஒரு விளக்கில் இரண்டு இழையும் மங்கலாக எரிகிறது: எர்த் இல்லை. டிம் இழை வழியே வந்த மின்சாரம் போக வழியில்லாமல், பிரைட் இழை வழியாகத் திரும்பி, அடுத்த விளக்கின் எர்த்தைத் தேடிப் போகிறது.

பிரித்து மாட்டுதல்

பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். வெளியே இருக்கும் குரோம் வளையத்தை எடுத்தால் உள்ளே இன்னொரு வளையம் தெரியும். அதைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்கள் வேறு, ஸ்பிரிங்கோடு இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூக்கள் வேறு. அவசரத்தில் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைக் கழற்றிவிடாதீர்கள்.

டூமின் பின்புறம் உள்ள சின்ன மேடுகள், அது உட்காரும் தட்டின் பள்ளங்களில் பொருந்த வேண்டும். கண்ணாடியில் மேல்பக்கக் குறி இருந்தால் அது நேர் மேலே வர வேண்டும். எச்4 பல்பில் மூன்று காதுகள் உண்டு. சரியான நிலையில் வைத்தால் அழுத்தாமலே உட்காரும். அழுத்தினால்தான் போகிறது என்றால் நிறுத்திவிடுங்கள், ஏதோ தப்பு. ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் பட வேண்டாம். எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி பல்பின் ஆயுள் குறையும்.

பிரிட்டிஷ் முறை வயரிங்கில் நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம், கறுப்பு எர்த். ஆனால் பல கை மாறிய வண்டியில் நிறத்தை நம்பாமல், கப்ளரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் எர்த்

பெயிண்டும் துருவும் மின்சாரத்துக்குத் தடை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர் எடுக்கும். அப்போது அதன் மின்தடை 2.6 ஓம். எர்த் இணைப்பில் வெறும் 0.25 ஓம் கூடினாலே ஏறக்குறைய 1 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். இழை பல்பின் ஒளி, வோல்ட்டேஜின் சுமார் 3.4 அடுக்காக மாறும். அதனால் அந்த 1 வோல்ட்டுக்கு ஒளி கால் பங்குக்கு மேல் குறையும்! பெரிய பல்பு போட்டால் ஆம்பியர் கூடி, இழப்பும் கூடும், வயரும் சூடாகும். எர்த் ஸ்க்ரூவுக்கு அடியில் உப்புத்தாள் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்ப்பதுதான் சரியான வைத்தியம்.

கடைசியில்தான் அலைன்மென்ட்

மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகே அட்ஜஸ்ட் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில், டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு சாக்பீஸ் குறிக்கு 5 செ.மீ. கீழே இருக்கட்டும். அதாவது 1 சதவீதச் சரிவு. டூம் 65 செ.மீ. உயரத்தில் இருந்தால் வெளிச்சம் 65 மீட்டர் தூரத்தில் ரோட்டைத் தொடும்.

அதே டூம் 1 டிகிரி மேல்நோக்கி இருந்தால்? 30 மீட்டரில் வெளிச்சம் 52 செ.மீ. ஏறி, 117 செ.மீ. உயரத்துக்கு வந்துவிடும். எதிர்க் காரை ஓட்டுபவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். அவர் ஒரு நொடி கண் கூசினாலும், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 16 மீட்டருக்கு மேல் குருட்டாம்போக்கில் வந்துவிடுவார். நம் வண்டியும் அவர் எதிரில்தான் இருக்கிறது.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டு வண்டியை இன்று இரவே ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, அந்த வெளிச்சத்தைத் தாளில் வரையுங்கள். ஐந்து நோய்களில் ஏதாவது தெரிகிறதா? இல்லையென்றால், விளிம்பு சாக்பீஸ் குறிக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, உங்கள் வெளிச்சம் எத்தனை மீட்டரில் ரோட்டைத் தொடுகிறது என்று கணக்கிடுங்கள்.