பயணிகள் வராத ஆண்டுக்கும் சேர்த்துத் திட்டமிடுவது எப்படி?

இலங்கைச் சுற்றுலாத்துறைக்கு நிதித் திட்டம் எழுத உட்காருபவர்கள் வழக்கமாக 2018ஐ முன்னால் வைத்துக்கொள்கிறார்கள். 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்த ஆண்டு அது. நீங்கள் 2021ஐ வைத்துக்கொள்ளுங்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளும் கொவிட்டும் அடுத்தடுத்து அடித்ததில், அந்த ஆண்டு வந்தவர்கள் 2 லட்சம்கூட இல்லை. துறைக்குப் பணம் மிகத் தேவைப்பட்ட நேரத்தில்தான் வசூலும் வற்றிப்போனது.

முதலில், எந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று ஒரே தாளில் எழுதுங்கள். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்படி சுற்றுலா அபிவிருத்தி நிதியம் ஒன்று இருக்கிறது. சுற்றுலா விடுதிகள் முதலியவை தங்கள் மொத்த வரும்படியில் 1 சதவீதத்தை அதற்குச் செலுத்த வேண்டும். விமான நிலையத்தில் அறவிடும் புறப்பாட்டு வரியிலும் ஒரு பங்கு அங்கே போகிறது. ஆனால் சிகிரியா நுழைவுச்சீட்டுப் பணம் மத்திய கலாசார நிதியத்துக்கு. யாலவில் வாங்குவது வனசீவராசிகள் திணைக்களத்துக்கு. வீசாக் கட்டணமோ அரசின் பொதுக் கணக்குக்கு. ‘சுற்றுலா வருமானம்’ என்று மேடையில் சொல்லப்படும் தொகை வேறு, துறை கையிலெடுத்துச் செலவழிக்கக்கூடிய தொகை வேறு. இந்தத் தாள் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு வரவுக்கும் எதிரே அதன் மோசமான ஆண்டுத் தொகையைக் குறியுங்கள். ஏறக்குறைய எல்லாமே பயணிகளின் தலை எண்ணிக்கையோடு கட்டப்பட்டவை என்பது அப்போது தெரியும். அவர்கள் வராவிட்டால் எல்லாம் ஒரே நாளில் விழும்.

அதனால் மூன்றாவது படிதான் திட்டத்தின் உயிர்: சேமநிதி. நல்ல ஆண்டுகளில் வசூலில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், ஐந்து ஆண்டுகளில் ஓர் ஆண்டு வசூல் கையிருப்பில் நிற்கும். பயிற்சி பெற்ற ஊழியர்கள் வளைகுடாவுக்கோ மாலைதீவுக்கோ போய்விடாமல் பிடித்துவைக்க அது உதவும். எத்தனை சதவீத வீழ்ச்சியில் அந்தப் பணத்தைத் தொடலாம் என்பதைச் சட்டத்திலேயே எழுதுங்கள். அமைச்சரின் விருப்பத்துக்கு விட்டால் அடுத்த தேர்தலோடு காலியாகும். இன்னொன்று, முழுவதையும் ரூபாவில் வைக்காதீர்கள். 2022இல் டாலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 அளவுக்கு ஏறியது. வெளிநாட்டு விளம்பரத்துக்கான பட்டியல் டாலரில்தானே வருகிறது!

புதிய கட்டணம் வேண்டுமென்றால் பிறநாட்டு அனுபவத்தைப் பாருங்கள். பூட்டான் 2022இல் ஓர் இரவுக்கான நிலைபேண் அபிவிருத்திக் கட்டணத்தை 65 டாலரிலிருந்து 200 டாலராக்கியது. மறு ஆண்டே 100க்கு இறக்க நேர்ந்தது. நியூசிலாந்து 2019இல் 35 நியூசிலாந்து டாலரில் தொடங்கி, 2024 அக்டோபரில்தான் 100 ஆக்கியது. சிறிதாகத் தொடங்குவதே நமக்கும் ஏற்றது. வீசாவோடு சேர்த்து வாங்கினால் தனி வசூல் செலவும் இல்லை.

செலவுப் பக்கத்தில் விளம்பரம் எப்போதும் பெரும்பங்கைக் கேட்கும். கொடுக்கலாம், ஆனால் எல்லையை வரைந்துவிட்டு. எல்ல நகரில் குப்பை அள்ளுவதும் அறுகம்பையில் கழிப்பறை பராமரிப்பதும் உள்ளூர்ச் சபைகளின் தலையில் விழுகின்றன. கூட்டம் சேரும் ஊருக்கு நிதியத்திலிருந்து நிலையான ஒரு பங்கு போக வேண்டும். அழகான விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் நாற்றத்தைப் பார்த்துத் திரும்பினால் அந்த விளம்பரக் காசும் வீண்.

வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் மூன்று மொழிகளிலும் வெளியிடச் சொல்லுங்கள்.

நீங்கள் விடுதி நடத்துபவரோ, வழிகாட்டியோ, பிரதேச சபை உறுப்பினரோ, யாராக இருந்தாலும் உங்கள் சங்கத்தின் வழியாக இந்தச் சேமநிதிக் கோரிக்கையை அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். 2024இல் பயணிகள் மீண்டும் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ஒதுக்கிவைக்க வேண்டிய ஆண்டுகள் இவைதான்.