நீரிலிருந்து ஹைட்ரஜன்: நிக்கல் தகட்டின் பணி

ரப்பர் பால் உறைந்து கெடாதிருக்க அம்மோனியா சேர்ப்பதை நாம் அறிவோம். மரங்களுக்கு இடும் தழைச்சத்து உரங்கள் பலவும் அம்மோனியாவிலிருந்தே செய்யப்படுகின்றன. அந்த அம்மோனியாவோ, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருளாகும்.

இன்று உலகில் ஹைட்ரஜனின் பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்து பெறப்படுகிறது. அப்போது வெளியேறும் கரியமிலவாயு பூமியின் வெப்பத்தை உயர்த்துகிறது.

வேறு வழியும் உண்டு. 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர், மின்சாரம் செலுத்தி நீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரித்தனர். 1920-களின் இறுதியில் நார்வே நாட்டின் வேமோர்க்கில், நீர்வீழ்ச்சி மின்சாரத்தால் இவ்வாறு ஹைட்ரஜன் எடுத்து உரம் செய்யலாயினர்.

அவ்வாறாயின் இம்முறை எங்கும் பரவாதது ஏன்? செலவே முதற்காரணம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 கிலோ நீரும், கணக்குப்படி 39 யூனிட் மின்சாரமும் போதும். நடைமுறையிலோ சுமார் 50 யூனிட் செலவாகிறது. மிகுதியில் பெரும்பங்கு வெப்பமாக வீணாகிறது.

இவ்விழப்பைக் குறைப்பதே மின்முனைத் தகட்டிலுள்ள வினையூக்கியின் பணி. தான் தீர்ந்துபோகாமல் வேதி மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருளே வினையூக்கி. ஹைட்ரஜன் அணுக்கள் தகட்டில் ஒட்டி, இரண்டிரண்டாக இணைந்து, வாயுவாகப் பிரிய வேண்டும். உலோகம் அணுவை இறுகப் பற்றினால் விடாது. தளரப் பற்றினால் அணு நில்லாது. பிளாட்டினம் அளவோடு பற்றி அளவோடு விடும். ஆனால் விலை மிக அதிகம். ஆகவே, காரக் கரைசலில் எளிதில் அரிக்கப்படாத, விலை குறைந்த நிக்கலையே ஆலைகள் பல பயன்படுத்துகின்றன.

நிக்கலை மேம்படுத்த இரு வழிகளைக் காண்போம்.

முதலாவது, பரப்பைப் பெருக்குதல். பால் நிறுக்குமிடத்தில் தராசு ஒன்றானால் வரிசை நீளும். பலவானால் வேலை விரைவில் முடியும். 1920-களில் மர்ரே ரேனி என்னும் அமெரிக்கர், நிக்கலையும் அலுமினியத்தையும் உருக்கிக் கலந்து, பின் காஸ்டிக் சோடாவால் அலுமினியத்தைக் கரைத்தெடுத்தார். எஞ்சிய நிக்கல் கடற்பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்திருந்தது. எண்ணெயைக் கெட்டியாக்க உண்டான இப்பொருள், பின்னர் மின்முனைக்கும் பயன்பட்டது.

இரண்டாவது, மாலிப்டினம் போன்ற பிற உலோகத்தைக் கலந்து, அணுவைப் பற்றும் வலிமையைச் சீராக்குதல்.

ஆய்வுக்கூடத்தில் சில நாள் நன்கு இயங்குவது மட்டும் போதாது. ஆலையில் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். அதுவே இன்றைய அறிஞர் முன்னுள்ள சவால். அவர்கள் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும், புகையின்றிச் செய்யும் உரத்தின் விலையைக் குறைக்க உதவும். பள்ளியில் வேதியியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துக் கூறுவோம். நாளை அப்பணியில் அவர்களுக்கும் பங்குண்டு.