மின்சாரக் கார்களும் நம் பட்டறைத் தொழிலும்

கார் ஒன்றை வாங்குபவர் அதன் விலையைக் கொடுத்து முடித்தவுடன் செலவு தீர்ந்தது என்று எண்ணுவாராயின், அவர் கார் வைத்துப் பழகாதவர் என்றே கொள்ள வேண்டும். டயர் தேயும், பிரேக் கட்டை தேயும், பேட்டரி வலுவிழக்கும். கார் ஓடும் காலம் முழுவதும் அதற்குப் பாகங்கள் வாங்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். இவ்வாறு கார் விற்பனைக்குப் பிறகு நிகழும் வாணிகமே உதிரிப்பாக வாணிகம் எனப்படுவது. இவ்வாணிகத்தையும் இதனைச் சார்ந்த பழுதுபார்ப்புப் பட்டறைகளையும் நம்பி வாழ்வோர் பேராக் மாநிலத்தில் பலர். ஈப்போ, சுங்கை சிப்புட், கம்பார், தாப்பா முதலிய ஊர்களில், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்குப் பட்டறையே முதல் பள்ளியாகவும் நிலையான பிழைப்பாகவும் இருந்து வருகின்றது.

இத்தொழில் இன்று ஒரு பெரும் மாற்றத்தின் வாயிலில் நிற்கின்றது. பெட்ரோலின்றி மின்சாரத்தால் ஓடும் கார்கள் பெருகி வருகின்றன. அவற்றால் எப்பாகங்கள் மறையும், எவை நிலைக்கும், எவை புதிதாக வரும், நம் இளைஞர்கள் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பனவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

ரப்பர் நிலமும் கார் நிலமும்

காருக்கும் பேராக்கிற்கும் உள்ள உறவு புதியதன்று. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரை உருவாக்கினார். பின்னர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கார்த் தொழிற்சாலைகள் பெருகவே, ரப்பருக்கு உலகெங்கும் தேவை ஏற்பட்டது. அத்தேவையை நிறைவு செய்வதற்காகவே காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்களாயின. நம் முன்னோர் பால்வெட்டுக் கத்தியோடு விடியுமுன் மரத்தடிக்குச் சென்றனர். தாம் வெட்டிய பால் எந்த நாட்டில், எந்தக் காரின் சக்கரமாகச் சுழலும் என்பதை அவர்களுள் பெரும்பாலோர் அறிந்ததில்லை. இன்றும் உலகில் விளையும் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு டயர்களுக்கே செல்கின்றது.

காலப்போக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும், வீடமைப்புப் பகுதிகளாகவும், தொழிற்பேட்டைகளாகவும் மாறின. இம்மாற்றத்தின் அடுத்த கட்டத்தைத் தஞ்சோங் மாலிமில் காண்கிறோம். அங்கே புரோட்டோன் நிறுவனத்தின் தொழிற்சாலை 2003ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7, 2024 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அது சீனாவிலிருந்து இறக்குமதியானது. 2025 செப்டம்பரில் தஞ்சோங் மாலிமில் மின்சாரக் கார்களுக்கென்றே ஒரு பொருத்தும் ஆலை திறக்கப்பட்டது. ஈப்போவைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்ட நிறுவனமான கே.எல்.கே., அதே வட்டாரத்தில் ஒரு தொழிற்பூங்காவை அமைத்து வருகின்றது. சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் அப்பூங்காவில் கார் பொருத்தும் ஆலை ஒன்றை நிறுவப்போவதாக 2025ஆம் ஆண்டில் அறிவித்தது. தொலைவிலுள்ள கார்களுக்குப் பால் அனுப்பிய மாநிலம், இன்று மின்சாரக் கார்களையே உருவாக்கும் மாநிலமாகி வருகின்றது.

உலகத் தேவை எவ்வளவு?

2024ஆம் ஆண்டில் உலகில் விற்பனையான மின்சாரக் கார்கள் 1 கோடியே 70 இலட்சத்திற்கும் அதிகம். மின்னேற்றிக்கொள்ளக்கூடிய கலப்பினக் கார்களும் இக்கணக்கில் அடங்கும். அவ்வாண்டில் விற்ற புதிய கார்களில் ஐந்துக்கு ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது. நார்வே நாட்டில் அதே ஆண்டு விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 முழு மின்சாரக் கார்களாகும். நம் நாட்டில் 2024இல் பதிவான மின்சாரக் கார்கள் 20,000ஐத் தாண்டின.

இத்தனை கார்களுக்கும் நாளடைவில் பாகங்கள் தேவைப்படும். டயருக்கும் பிரேக் கட்டைக்கும் மின்னேற்றும் கம்பிக்கும் உலகச் சந்தை உருவாகி வருகின்றது. ஆயினும், பழைய காருக்குத் தேவைப்பட்ட அதே பாகங்கள் புதிய காருக்கும் தேவைப்படும் என்று கருதலாகாது.

மறையும் பாகங்கள்

பெட்ரோல் இயந்திரத்தில் ஒன்றோடொன்று உராய்ந்து இயங்கும் பாகங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மின்மோட்டாரில் சுழலும் பாகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே முழு மின்சாரக் காரில் எஞ்சின் எண்ணெய் இல்லை. எண்ணெய் வடிகட்டி இல்லை. ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச், எரிபொருள் பம்பு, புகைபோக்கிக் குழாய் ஆகிய எவையும் இல்லை. 5,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுவதையே முதன்மை வருமானமாகக் கொண்ட சிறு பட்டறைக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து வரும் பழைய கார்களின் முன்பாகத்தை வெட்டி, எஞ்சினும் கியர்பெட்டியுமாக விற்கும் "ஹாஃப் கட்" வாணிகமும் இம்மாற்றத்தால் பாதிக்கப்படும். பழைய எஞ்சினைக் கழற்றி அடுக்கி வைப்பதுபோல் பழைய லித்தியம் பேட்டரியை அடுக்கி வைத்தல் இயலாது. சேதமுற்ற பேட்டரி தானே தீப்பற்றக்கூடும். மேலும், 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிகளின்படி, கழிக்கப்பட்ட லித்தியம் பேட்டரி அட்டவணையிடப்பட்ட கழிவுப் பொருளாகும். அதனைப் பட்டறையின் பின்புறத்தில் குவித்து வைப்பதோ, பழைய இரும்பு வாங்குபவரிடம் தள்ளிவிடுவதோ சட்டத்திற்குப் புறம்பானது.

நிலைக்கும் பாகங்கள்

இனி, மனந்தளராமல் மறுபக்கத்தையும் நோக்குவோம். காரின் சக்கரங்களும், அதனைத் தாங்கும் அமைப்பும், திருப்பும் அமைப்பும் மாறவில்லை. அதிர்வுதாங்கி, ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட், சக்கர பேரிங், துடைப்பான், விளக்கு, கண்ணாடி, குளிர்சாதனம், அதன் காற்று வடிகட்டி ஆகியன எல்லாக் கார்களுக்கும் பொதுவானவை. சிறிய 12 வோல்ட் பேட்டரியும் பெரும்பாலான மின்சாரக் கார்களில் உண்டு.

இவற்றுள் டயருக்குத் தேவை குறையாது, கூடவே செய்யும். பல நூறு கிலோ எடையுள்ள பேட்டரியைச் சுமப்பதால் மின்சாரக் கார் கனமானது. மேலும் மின்மோட்டார் தன் முழு விசையையும் புறப்படும் கணத்திலேயே சக்கரத்திற்குக் கொடுத்துவிடுகிறது. இவ்விரு காரணங்களாலும் டயர் விரைவில் தேய்கின்றது. ஆகையால் அதிக எடை தாங்கும் குறியீடு கொண்ட டயர்களையே இத்தகைய கார்களுக்குப் பொருத்துதல் வேண்டும். விலை மலிவென்று குறைந்த குறியீடுள்ள டயரைப் பொருத்துவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் டோயோ நிறுவனம் 2013 முதல் டயர் உற்பத்தி செய்து வருவதை இங்கு நினைவிற்கொள்ளலாம்.

பிரேக்கின் நிலை வேறு. மிதிவண்டியின் டைனமோவைச் சக்கரத்தின்மீது சாய்த்தவுடன் மிதிப்பது கடினமாவதை நாம் அறிவோம். சக்கரத்தின் ஓட்டம் மின்சாரமாக மாறுவதே அதற்குக் காரணம். மின்சாரக் காரும் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரையே டைனமோவாக்கிப் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. இதனால் பிரேக் கட்டை மெதுவாகவே தேய்கிறது. ஆயினும், பயன்பாடு குறைவதால் பிரேக் தட்டில் துருப்பிடித்தலும் இணைப்புகள் இறுகுதலும் நேரலாம். கட்டையை மாற்றும் வேலை குறைந்து, துப்புரவாக்கிச் சீர்செய்யும் வேலை பெருகும் என்பதே இதன் கருத்து.

உத்தரவாதக் காலமே நம் பயிற்சிக் காலம்

"இன்று எங்கள் பட்டறைக்கு ஒரு மின்சாரக் காரும் வரவில்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறுவோர் உண்டு. அவை வராததற்குக் காரணம் உண்டு. மின்சாரக் காரின் பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 ஆண்டுகள் அல்லது 160,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் அளிக்கப்படுகிறது. உத்தரவாதத்தை இழக்க விரும்பாத உரிமையாளர் காரை உற்பத்தியாளரின் பணிமனைக்கே கொண்டு செல்வார். அக்காலம் முடிந்த பின்னரே செலவைக் கணக்கிட்டுச் சாலையோரப் பட்டறையை நாடுவார்.

2024இல் விற்ற கார்களுக்கு அக்காலம் 2032இல் முடிவுறும். இன்று எஸ்.பி.எம். தேர்வெழுதும் மாணவர் அப்போது இருபது வயதைத் தாண்டிய தொழிலாளியாக இருப்பார். ஆகவே இடைப்பட்ட ஆண்டுகள் வெறுமனே காத்திருக்கும் ஆண்டுகள் அல்ல. கற்றுக்கொள்ளக் கிடைத்த ஆண்டுகள். ரப்பர் விலை வீழ்ந்தபோதும் தோட்டங்கள் கைமாறியபோதும் நம் மக்களுக்கு இத்தகைய முன்னறிவிப்புக் கிட்டியதில்லை. இம்முறை கிட்டியுள்ளது. அதனைப் பயன்படுத்திக்கொள்வதும் கைநழுவ விடுவதும் நம்மைப் பொறுத்தது.

உயிர் காக்கும் ஒழுங்கு

பெட்ரோல் கார்ப் பட்டறையில் "செய்து செய்து பழகு" என்பதே பாடமுறை. மின்சாரக் காரில் அம்முறை உயிரைப் பறிக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்சாரக் காரின் முதன்மைப் பேட்டரியோ பெரும்பாலும் 400 வோல்ட் அளவில் இயங்குவது. சில கார்களில் அது 800 வோல்ட் வரை செல்லும். செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் இவ்வுயரழுத்த மின்சாரத்தைக் கொண்டுசெல்பவை. பயிற்சி பெறாதவர் அவற்றைத் தொடவே கூடாது.

பயிற்சி பெற்றவரும் பின்வரும் ஒழுங்கினை மீறலாகாது. முதலில் காரை நிறுத்தி, சாவியை அகற்றித் தொலைவில் வைத்தல். இரண்டாவதாக உயரழுத்த மின்சாரத்தைத் துண்டித்தல். மூன்றாவதாக, உள்ளே தேங்கிய மின்சாரம் வடிவதற்கு உற்பத்தியாளர் குறிப்பிட்ட நேரம் வரை காத்திருத்தல். நான்காவதாக, மின்சாரம் அறவே இல்லை என்பதை அளவுமானியால் உறுதிசெய்தல். இவ்வேலைகளின்போது 1,000 வோல்ட் வரை தாங்கும் தரச்சான்று பெற்ற ரப்பர்க் கையுறை அணிய வேண்டும். கையுறையில் ஊசித்துளையளவு ஓட்டையிருப்பினும் அது பயனற்றது. ஆதலால் ஒவ்வொரு முறையும் அதனுள் காற்றை அடைத்துச் சோதித்தல் அவசியம்.

வீட்டில் மின்னேற்றி பொருத்தும் வேலையும் இவ்வாறே. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளரே அதனைச் செய்ய வேண்டும். இதுவும் நம் இளைஞர்கள் கைக்கொள்ளத்தக்க ஒரு நல்ல தொழிலாகும்.

கணினிப் பூட்டு

இன்னுமோர் இடர் உண்டு. புதிய கார்களின் கோளாறுகளைக் கணினிக் கருவியின் துணையோடுதான் கண்டறிய முடியும். சில பாகங்களை மாற்றிய பின்னர், காரின் கணினிக்கு அதனை அறிவித்தாலன்றிப் புதிய பாகம் வேலை செய்யாது. அத்தகவல் உற்பத்தியாளரிடம் மட்டுமே இருக்குமாயின், கைத்திறன் மிக்க பட்டறைக்காரரும் கைகட்டி நிற்க நேரும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றி, பழுதுபார்ப்புத் தகவலைத் தனிப்பட்ட பட்டறைகளுக்கும் நியாயமான முறையில் வழங்க வகைசெய்தது. 2020இல் வாக்காளர்கள் அவ்வுரிமையை மேலும் விரிவாக்கினர். இத்தகைய உரிமையைப் பற்றி நம் பட்டறை உரிமையாளர்களும் அறிந்து, தங்கள் சங்கங்களின் வாயிலாகக் குரல் கொடுத்தல் நன்று.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, முறையான பயிற்சி. பட்டறையில் பல்லாண்டு உழைத்தும் கையில் ஒரு சான்றிதழும் இல்லாதவர் நம்மில் பலர். மலேசியத் திறன் சான்றிதழ் படிப்படியான நிலைகளைக் கொண்டது. அனுபவத்தைச் சான்றாகக் காட்டி அதனைப் பெறவும் வழியுண்டு. மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிற்பயிற்சிக் கழகங்களும், 1969இல் தோற்றுவிக்கப்பட்ட ஈப்போ உங்கு ஒமார் பாலிதெக்னிக்கும் நம் மாநிலத்திலேயே உள்ளன. பிள்ளை படிப்பில் பின்தங்கியவன் என்பதற்காக அவனைப் பட்டறைக்கு அனுப்பும் பழக்கம் இனி உதவாது. மின்சாரம், அளவீடு, கணினி மூன்றும் அறிந்தவனே நாளைய பட்டறைத் தொழிலாளி. எனவே பெற்றோர் கணிதத்தையும் அறிவியலையும் இன்றே கவனித்தல் வேண்டும்.

இரண்டாவது, கூட்டு முயற்சி. விலையுயர்ந்த சோதனைக் கருவிகளை ஒவ்வொரு சிறு பட்டறையும் தனித்தனியே வாங்குதல் எளிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தனித்தனியே ஒரு காணி நிலமும் வாங்க இயலாத தொழிலாளர்கள், சிறுசிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினர். நான்கைந்து பட்டறைகள் ஒன்றுகூடி ஒரு கருவியை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவது அதனினும் அரிய செயலா?

மூன்றாவது, நேர்மை. போலிப் பாகங்களால் இன்று கிடைக்கும் இலாபம் நாளை வாடிக்கையாளரை இழக்கச் செய்யும். எடை தாங்காத டயரும் தரமற்ற மின்னேற்றும் கம்பியும் ஒரு குடும்பத்தையே அழிக்க வல்லவை. தெரியாத வேலையைத் தெரியாது என்று கூறித் தெரிந்தவரிடம் அனுப்பும் பட்டறைக்கே மக்கள் மீண்டும் வருவர்.

நம் முன்னோர் பால் வெட்டினர். விலையை வேறெவரோ நிர்ணயித்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் கையில் கல்வியும் கருவியும் இருக்குமாயின், தம் உழைப்பின் விலையைத் தாமே கூறும் நிலையை அடைவர்.

கலந்துரையாடுவதற்குச் சில வினாக்கள்

1. மின்சாரக் காரின் டயர் விரைவில் தேய்வதற்குரிய இரு காரணங்கள் யாவை?

2. உங்கள் வட்டாரப் பட்டறை ஒன்றின் வருமானத்தில், மறைந்துபோகும் பாகங்களைச் சார்ந்தது எவ்வளவு இருக்கும்? பட்டறை உரிமையாளரிடம் கேட்டறிக.

3. உங்கள் ஊரிலுள்ள பட்டறைகள் கூட்டாக வாங்கிப் பயன்படுத்தத்தக்க கருவிகள் எவை? அதற்கான பொறுப்பை எவ்வாறு பகிர்ந்துகொள்ளலாம்?